குவாரிக்குள் பதில் சொன்ன பக்கி

இது நடந்தது. போன மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. நேரம் வேண்டுமானால் நிமிஷ சுத்தமாகச் சொல்லலாம், நோட்டில் எழுதியே இருக்கிறது. சாட்சி வேண்டுமானால் ஒரு குட்டியானை லோடு வண்டியின் டிரைவர் இருக்கிறார். கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர், "எந்தக் குவாரி?" என்றார்கள். அதை மட்டும் எழுதுவதற்கில்லை. திருக்கழுக்குன்றத்துக்கும் கடற்கரைச் சாலைக்கும் நடுவே, வேலை நின்றுபோய்த் தண்ணீர் நிரம்பிக் கிடக்கும் கல்குவாரிகள் ஒன்றிரண்டு அல்ல. அதில் ஒன்று. அவ்வளவுதான்.

ஜோதிலட்சுமிக்கு நாற்பத்திரண்டு வயது. அரசுப் பள்ளியில் விலங்கியல் டீச்சர். பேய், பிசாசு என்று பிள்ளைகள் பேசினால் வகுப்பிலேயே மண்டையில் குட்டுகிற ரகம். அவளை நாலு மாதமாகத் தூங்கவிடாமல் அடித்தது பேய் அல்ல. ஒரு பறவை.

பக்கி என்று ஒரு பறவை உண்டு. பகலெல்லாம் காய்ந்த சருகு போலத் தரையில் கிடக்கும். இருட்டியதும் எழும். டார்ச் அடித்தால் உடம்பு தெரியாது, கண் இரண்டும் தணல் மாதிரி சிவப்பாக மின்னும். சாதாரணப் பக்கி அந்தப் பக்கமெல்லாம் இருக்கிறது. அதன் குரல், சிமென்ட் தரையில் பந்தைத் தட்டி விட்ட மாதிரி 'சக்... சக்... சக்-சக்-சர்ர்ர்' என்று ஓடி அடங்கும். ஜோதிலட்சுமி தேடியது இன்னொரு வகை. ஜெர்டன் பக்கி. கண்ணால் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். குரலை வைத்துத்தான் சொல்ல வேண்டும். 'சுவ்...வ்வோ. சுவ்...வ்வோ.' தண்ணீருக்கடியில் குமிழி உடைகிற மாதிரி ஒரு குரல்.

அந்தக் குரலை அந்தக் குவாரியில் அவள் நாலு தடவை கேட்டுவிட்டாள். நாலு தடவையும் மாவட்டப் பறவைப் பட்டியலுக்கு எழுதிப் போட்டாள். நாலு தடவையும் சிவப்பு எழுத்தில் ஒரே பதில் வந்தது.

'உறுதி செய்யப்படவில்லை.'

சிவப்பு எழுத்தின் சொந்தக்காரர் தேசிகன். திருவிடந்தையில் இருக்கிற ரிட்டயர்டு மனிதர். மாவட்டத்தில் யார் எந்தப் பறவையைப் பார்த்தேன், கேட்டேன் என்றாலும் அவர் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் பட்டியலில் ஏறும். "குரலைப் பதிவு பண்ணிக் கொண்டாங்கோ டீச்சர். அது இல்லாம நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்பார். மரியாதையாகத்தான் சொல்வார். ஆனால் அந்த மரியாதைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

இன்வர்ட்டர்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆந்தையின் குரல் என்று பதினோரு நிமிஷம் பதிவு செய்து, மாவட்டத்தில் பறவை பார்க்கிறவர்களின் குழுவில் போட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். மூன்றாம் நாள் ஹரிசங்கர் என்ற படூர்க்காரன், சாப்ட்வேர் பையன், குட்டை உடைத்தான். அது ஆந்தை இல்லை. அடுத்த வீட்டு மாடியில் பேட்டரி தீர்ந்துபோன இன்வர்ட்டர் 'பீப்... பீப்' என்று கத்தியது. அன்றிலிருந்து குழுவில் அவள் பெயர் இன்வர்ட்டர் டீச்சர். பறவையே பார்க்காதவர்கள்கூட அந்தப் பெயரில் கூப்பிட்டார்கள்.

குழு இப்போது மாவட்டப் பறவைகளைப் பற்றி ஒரு புத்தகம் போடுகிறது. ஞாயிறு ராத்திரியோடு பட்டியலை மூடுகிறார்கள். திங்கள் அச்சுக்கு. அதில் ஒரே ஒரு வரி வந்தால் போதும்: 'ஜெர்டன் பக்கி. முதல் பதிவு: ஜோதிலட்சுமி.' வந்துவிட்டால் இன்வர்ட்டர் செத்தது. வராவிட்டால் அந்தப் பெயர் அவளோடுதான் சாகும்.

ஆகவே, அந்தச் சனிக்கிழமைதான் கடைசி.

சாயங்காலம் 7.10. குவாரி வாசலில் துருப்பிடித்துக் கிடக்கும் லாரி எடைமேடைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார் சரவணகுமார். அவள் கணவர். அந்தக் குட்டியானை வண்டி அவருடையதுதான். இரண்டு பேரும் வேலிகாத்தான் புதர்களை விலக்கிக்கொண்டு உள்ளே இறங்கினார்கள். பாறையை வெட்டி வெட்டி, கிண்ணம் மாதிரி ஆகிப்போன இடம். மூன்று பக்கம் செங்குத்துச் சுவர். நடுவில் கருப்பாகத் தண்ணீர். ஆழம் யாருக்கும் தெரியாது.

"கொசு என்னைத் தூக்கினு போய்டும் போல கீது" என்றார் சரவணகுமார்.

"பேசாதீங்க."

"நாலு மாசமா ஒரு பக்கியைத் தேடினுகிற. வூட்ல நான் ஒரு பக்கி கீறேன். என்னிக்காச்சும் டார்ச் அடிச்சுப் பாத்துகிறியா?"

"ஏங்க... கையெடுத்துக் கும்பிடுறேன். வாயை மூடுங்க."

7.44. 'சுவ்...வ்வோ.'

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவசரமாகக் கழுத்தில் தொங்கிய ரெக்கார்டரைத் தொட்டாள். ஆன் செய்யவே இல்லை! கொசுவர்த்தி பற்ற வைக்கும் மும்முரத்தில் மறந்திருந்தாள். ஆன் செய்வதற்குள் குரல் நின்றுவிட்டது.

7.52. மறுபடி எங்கோ தொலைவில் ஒரு முனகல். தலைக்கு மேல் மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம். நாலு நிமிஷத்துக்கு வானம் முழுக்க இரைச்சல்.

8.03. 'சுவ்...வ்வோ. சுவ்...வ்வோ.' கிட்டத்தில். தெளிவாக. ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஜோதிலட்சுமி மூச்சைக்கூட நிறுத்தினாள்.

சரவணகுமாரின் போன் அலறியது. குத்துப்பாட்டு ரிங்டோன். முழு வால்யூமில்.

"ஐயோ! லோடு பார்ட்டி... தெரியாம..."

"போங்க." அவளுக்குக் குரல் நடுங்கியது. அழுகையா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. "போய் வண்டியில உக்காருங்க. நான் கூப்புடற வரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க."

"ஜோதி, தனியா எப்டிம்மே..."

"போங்கன்னு சொன்னேன்!"

அவர் போய்விட்டார். செருப்புச் சத்தம் மேலே ஏறித் தேய்ந்தது. நேரம் 8.06.

இனி ஒரே வழி. ஸ்பீக்கர். பறவை தேடுகிறவர்களுக்குப் பழக்கமான தந்திரம் இது. அந்தப் பறவையின் குரலை ஸ்பீக்கரில் போட்டால், 'என் இடத்துக்குள் யாரடா அது?' என்று உண்மையான பறவை பதில் குரல் கொடுக்கும். கிட்டேயே வந்துவிடும். பறவைக்கு அது தொந்தரவு என்பதால் ஜோதிலட்சுமி எப்போதும் செய்யமாட்டாள். அன்று செய்தாள். இணையத்திலிருந்து இறக்கி வைத்திருந்த ஒலித் துண்டு. அரை நிமிஷம் ஓடும். பக்கி மூன்று தடவை கூப்பிடும். கடைசியில், எங்கோ தூரத்தில் ஒரு பஸ் ஹாரன் கேட்கும். யாரோ எந்த ஊரிலோ பதிவு செய்தது.

8.09. போட்டாள். முடிந்ததும் அணைத்தாள். காத்திருந்தாள்.

எதிர்ப்பக்கப் பாறைச் சுவரின் அடியிலிருந்து பதில் வந்தது.

'சுவ்...வ்வோ.'

மூன்று தடவை!

அவள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ரெக்கார்டரின் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். ஓடுகிறது. விமானம் இல்லை. ரிங்டோன் இல்லை. பிடித்தாகிவிட்டது. இன்னும் ஒரே ஒரு தடவை பதில் வந்தால் போதும். பிறகு முடிவில் வழக்கம்போலத் தகவலைச் சொல்லி அணைத்துவிடலாம். அதுவும் பறவைக்காரர்களுக்கு ஒரு பழக்கம். ரெக்கார்டரை அணைக்கும் முன் அதிலேயே வாயால் சொல்லிவிட வேண்டும். பதிவு எண், நேரம், எத்தனை பறவை, ஆணா பெண்ணா, என்ன செய்தது. பிறகு குழப்பம் வராது.

8.14. மறுபடி போட்டாள்.

பதில் வந்தது. இந்த முறை இன்னும் கிட்டே. மூன்று தடவை. சரியாக மூன்றே தடவை. அதே இடைவெளி.

பிறகு... ஒரு பஸ் ஹாரன்.

ஜோதிலட்சுமி நிமிர்ந்தாள். சாலை அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். பஸ் வரும் சாலையும் இல்லை. அந்த ஹாரனை அவள் மாதக்கணக்காகக் கேட்டிருக்கிறாள். அவள் போனில் இருக்கிற துண்டின் கடைசியில் வரும் அதே ஹாரன்.

பறவை இல்லை. ஸ்பீக்கர்!

எதிரே இன்னொரு ஆள் உட்கார்ந்திருக்கிறான். அதே துண்டை வைத்துக்கொண்டு, அதே பக்கியைத் தேடுகிறான். இவள் ஸ்பீக்கருக்கு அவன் ஸ்பீக்கர் பதில் சொல்கிறது. பறவைக்காரர்களுக்கு நேரும் அவமானங்களிலேயே இதுதான் பெரிய அவமானம். இரண்டு மனிதர்கள் ஒருவரை ஒருவர் பறவை என்று நினைத்து ராத்திரியெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருப்பது.

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"யாரு சார் அது?" கத்தினாள். "ஸ்பீக்கரை நிறுத்துங்க! நாலு மாசமா நான் வந்துகிட்டிருக்கேன் இங்க!"

இன்னும் உரக்கக் கத்தினாள்.

"காதுல விழுதா? யாரு?"

'சுவ்...வ்வோ.'

வேண்டுமென்றே செய்கிறான். வேறு யார்? ஹரிசங்கர்தான். புத்தகத்தில் அவன் பெயர் வர வேண்டும். அல்லது குழுவில் போட்டுச் சிரிக்க இன்னொரு கதை வேண்டும். இன்வர்ட்டர் டீச்சர், பாகம் இரண்டு.

8.19. போனை எடுத்து அவன் எண்ணை அழுத்தினாள். எடுத்தான். பின்னால் டி.வி. ஓடும் சத்தம்.

"வெட்கமா இல்ல உனக்கு? எங்கடா ஒளிஞ்சிருக்க?"

"டீச்சர்? நான் படூர்ல, வீட்ல இருக்கேன். மேட்ச் பாத்துட்டிருக்கேன். இன்னா ஆச்சு?"

'சுவ்...வ்வோ.' எதிர்ச் சுவரின் அடியில்.

ஜோதிலட்சுமி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"டீச்சர்..." ஹரிசங்கரின் குரல் மாறியது. "உங்க பக்கத்துல யாரு?"

"யாரும் இல்லையே."

"இல்ல, யாரோ ஒரு ஆளு... வாய்க்குள்ளயே பேசுறாரே. உங்க போனுக்குக் கிட்டக்க..."

லைன் துண்டித்துப் போனது. சிக்னல் இல்லை.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். தவளைகள் நின்றிருந்தன. பூச்சிச் சத்தமும் இல்லை. காதோரம் ரீங்கரித்த கொசுகூட இல்லை. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

திரும்பிப் போயிருக்கலாம். போயிருப்பாள். ஆனால், நெற்றியில் கட்டியிருந்த டார்ச்சை எதிர்ப்பக்கம் திருப்பியபோது, தெரிந்தது.

இரண்டு சிவப்புப் புள்ளிகள். தண்ணீருக்கு இந்தப் பக்கமே இருப்பது போல, தரையோடு. தணல் மாதிரி.

பக்கி!

எவனோ ஸ்பீக்கர் போட்டிருக்கட்டும். இவளும் போட்டிருக்கட்டும். இரண்டுக்கும் நடுவே உண்மையான பறவை வந்து உட்கார்ந்துவிட்டது. நேரம் 8.23.

பக்கியை நெருங்க ஒரு முறை இருக்கிறது. வெளிச்சத்தை அதன் கண்ணிலிருந்து எடுக்கக் கூடாது. கண் கூசி அப்படியே உட்கார்ந்திருக்கும். காலடியைப் பார்க்கக் கூடாது. தலை குனிந்தால் வெளிச்சமும் இறங்கிவிடும், பறவை பறந்துவிடும். கண்ணை மட்டுமே பார்த்தபடி அடி அடியாகப் போக வேண்டும்.

போனாள்.

பத்து அடி. இருபது. முப்பது. கீழே பாறை சமமாக, சாம்பல் நிறத்தில் விரிந்து கிடப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. நல்ல வழி.

8.27. புள்ளிகள் அசையவில்லை. இமைக்கவில்லை.

பக்கி இமைக்கும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் போனாள். நாளையோடு பட்டியல் மூடுகிறது.

'சுவ்...வ்வோ' மறுபடி கேட்டது. அந்தக் கண்கள் இருந்த இடத்திலிருந்தே. குரல் முடிந்தது.

ஹாரன்.

அங்கிருந்தே.

அவள் கால் நின்றது.

பக்கி எழுந்தால் சட்டென்று எழும். சிறகு தெரியும். இந்தக் கண்கள் சட்டென்று எழவில்லை. மெல்ல... மெல்ல... மேலே போயின.

முழங்கால் உயரம்.

இடுப்பு உயரம்.

குந்தியிருந்த ஒருவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பது போல.

அவள் கண் உயரத்துக்கு வந்து நின்றன.

அவள் காலடியிலிருந்து ஒரு கல் பெயர்ந்தது. உருண்டது.

ஒன்று... இரண்டு...

'ப்ளக்.'

தண்ணீர்!

தலை குனிந்து பார்த்தாள். சாம்பல் நிறத்தில் சமமாகக் கிடந்தது பாறை இல்லை. இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே, பாறைத்தூள் படிந்து டார்ச் வெளிச்சத்தில் வெளுத்துத் தெரிந்த தண்ணீர். அவள் விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த அடி எடுத்திருந்தால்...

எதிரே பாறையே இல்லை. பள்ளம்தான்.

அப்படியானால் அது நிற்பது எதன் மேல்?

நேரம் 8.31.

மேலே வண்டி ஹாரன் அலறியது. நிறுத்தாமல். விடாமல். குட்டியானையின் ஹாரன். அந்தச் சத்தத்தில் அவளுக்குக் கால் வந்தது. திரும்பினாள். ஓடினாள். வேலிகாத்தான் முள் முகத்தைக் கிழித்தது தெரியவில்லை. ஒரு செருப்பு போனது தெரியவில்லை. வண்டிக்குள் விழுந்து கதவைச் சாத்தினாள். சரவணகுமார் கியரைப் போட்டார்.

பெரிய சாலை வரும் வரை வண்டி நிற்கவில்லை. ஒரு டீக்கடை வெளிச்சத்தில் வண்டியை நிறுத்தினார்.

"மேல இருந்து டார்ச்சைப் பாத்துகினே இருந்தேன்" என்றார். கை ஸ்டீயரிங்கை விடவில்லை. "நீ நேரா தண்ணிக்கு நடந்துகினு போற. கத்துனேன். நீ திரும்பல. அதான் ஹாரனை அமுக்கினேன்."

"ம்."

"ஆமா... உனக்கு எதிர்க்க குந்திகினு இருந்தானே, அவன் யாரு?"

ஜோதிலட்சுமி அவரைப் பார்த்தாள்.

"கையில இன்னாவோ வச்சுகினு உன் பக்கமா நீட்டிகினு இருந்தான். நீ மைக் நீட்டுவியே, அத்த மாதிரி. உங்க ஆளுன்னு நெனச்சேன்."

அவள் கழுத்திலிருந்த ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அணைத்தாள். கேட்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் ஞாயிறு. கடைசி நாள். காய்ச்சலில் உடம்பு கொதித்தது. ஆனாலும் சாயங்காலம் நாலு மணிக்கு பஸ் ஏறித் திருவிடந்தைக்குப் போனாள். 8.03-க்கு வந்த அந்த இரண்டு குரல். ரிங்டோனுக்கு முன்னால் ஒரு நொடியாவது தெளிவாகப் பதிந்திருந்தால் போதும். நாலு மாதம். அவ்வளவு பெரிய ராத்திரி. அதை வெறுங்கையோடு விட அவளுக்கு மனம் வரவில்லை.

"வாங்கோ டீச்சர். முகமெல்லாம் என்ன கீறல்?"

"முள்ளு சார். முதல்ல இதைக் கேளுங்க."

வேறு எதையும் சொல்லவில்லை. சொன்னால் இன்வர்ட்டரைவிட மோசமான பெயர் வரும்.

தேசிகன் ரெக்கார்டரைக் கம்ப்யூட்டரில் சொருகி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். குரல்கள் திரையில் கோடு கோடாக ஓடின. ஓர் இடத்தில் நிறுத்தினார். பின்னால் இழுத்தார். மறுபடி கேட்டார். மறுபடி. பிறகு ஹெட்போனைக் கழற்றினார். முகம் மலர்ந்திருந்தது.

"பாட்டுக்கு முன்னாடி ரெண்டு குரல். சுத்தமா இருக்கு. இது ஜெர்டன் பக்கிதான். மாவட்டத்துக்கு முதல் பதிவு. என்னை மன்னிச்சுடுங்கோ டீச்சர். நாலு தடவை உங்களைத் திருப்பி அனுப்பினேன்."

ஜோதிலட்சுமி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை முட்டியது.

"அப்புறம் ஏன் தனியா கத்தறேள்? 'யாரு சார் அது, ஸ்பீக்கரை நிறுத்துங்க'ன்னு?"

"எதிர்ல ஒருத்தர் ஸ்பீக்கர் போட்டார் சார். அது பதிஞ்சிருக்குமே."

"இல்லையே. உங்க ஸ்பீக்கர் மட்டும்தான் இருக்கு. ரெண்டு தடவை. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. பூச்சிச் சத்தம்கூட இல்ல. கடைசில வண்டி ஹாரன். நீங்க ஓடறேள். அப்புறம் உங்க வீட்டுக்காரர் தகவல் சொல்றார்."

"அவர் எதுவும் சொல்லலையே சார்."

தேசிகன் அவளைப் பார்த்தார். ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

அவள் ஓடுகிற சத்தம். முள் கிழிகிற சத்தம். மூச்சிரைப்பு. அந்த மூச்சிரைப்பைவிடக் கிட்டே, மைக்கில் உதடு படுகிற மாதிரி, ஓர் ஆண் குரல். அவசரமே இல்லாத குரல். ஓடுகிறவளோடு கூடவே வருகிறது. இரைக்கவில்லை.

'எண் ஏழு. நேரம் எட்டு முப்பத்தொண்ணு. ஒண்ணு. பெண். ஒலி போட்டதும் பதில் குரல். பத்தடி வரைக்கும் வந்தது. பறந்துடுச்சு.'

ஜோதிலட்சுமிக்குப் புரிய நாலைந்து நொடி ஆனது.

புரிந்தபோது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பறவைத் தகவல் இல்லை. அவளைப் பற்றிய தகவல்.

தேசிகன் ஸ்பீக்கரை அணைத்தார். முகத்தில் ரத்தம் இல்லை. எழுந்தார். பீரோவைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு பழைய ரெக்கார்டரை எடுத்து வந்தார்.

"நீங்க ஊர் பேர் மட்டும்தான் எழுதினேள். எந்தக் குவாரி டீச்சர்? வாசல்ல துருப்பிடிச்ச எடைமேடை இருக்குமா?"

அவள் தலையசைத்தாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி ஜோயல்னு ஒரு பையன். கேளம்பாக்கம் பக்கம். நம்ம குழுவுல இல்ல, தனியா சுத்தறவன். குளிக்கப் போய் முழுகிட்டான்னு பேப்பர்ல வந்தது. அவன் குளிக்கப் போகல. இது கரையில கிடந்ததுன்னு அவங்கப்பா என்கிட்ட குடுத்தார். புள்ளை கடைசியா என்ன பறவை கேட்டான்னு சொல்லுங்கன்னார். கடைசில தகவல் சொல்றது ஜோயலோட குரல்னுதான் இத்தனை நாளா நினைச்சுண்டிருந்தேன். ஏதோ பறவையைப் பத்திச் சொல்றான்னு..."

பொத்தானை அழுத்தினார்.

அதே குரல்.

'எண் நாலு. நேரம் ஏழு ஐம்பத்திரண்டு. ஒண்ணு. ஆண். ஒலி போட்டதும் பதில் குரல். கிட்ட வந்தது.'

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. தண்ணீர் அலம்புகிற சத்தம் மட்டும். பிறகு அது அடங்கியது.

'பறக்கல.'

அறையில் மின்விசிறி ஓடியது. வெளியே கோயிலுக்கு வந்த யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டு போனாள்.

ஜோதிலட்சுமிதான் முதலில் பேசினாள்.

"சார். என் பதிவை நிராகரிச்சிடுங்க."

"டீச்சர், இது சந்தேகமே இல்லாத பதிவு. உங்க பேரு..."

"புக்ல வந்தா அங்க ஆள் வருவாங்க சார். ஸ்பீக்கரோட வருவாங்க."

தேசிகன் கீபோர்டை முன்னால் இழுத்தார். பிறகு தட்டினார். சிவப்பு எழுத்து வந்தது. 'உறுதி செய்யப்படவில்லை.' ஐந்தாவது தடவை. அதற்குக் கீழே அவரே ஒரு வரி சேர்த்தார்: 'தவளையாக இருக்கலாம்.' குழு அதைப் படித்துவிட்டு எப்படிச் சிரிக்கும் என்று இருவருக்கும் தெரியும். அவள் நன்றி சொன்னாள்.

பஸ் நிறுத்தத்துக்குப் பாதி தூரம் போயிருப்பாள். பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம். தேசிகன். காலில் செருப்பில்லை. அந்த வயதில் அவர் ஓடி அவள் பார்த்ததில்லை.

"டீச்சர்." மூச்சு வாங்கியது. "ஜோயல் நாலு."

"ஆமா சார்."

"நீங்க ஏழு."

அவள் நின்றாள். நேரம் 5.38. வெயில் இன்னும் இருந்தது. 

அஞ்சும் ஆறும் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர்கள் பறந்தார்களா என்பதும்.